பெரியப்பா சும்மா போட்ட வயல்

என் பெரியப்பாவுக்கு வயலில் ஒரு களை கண்ணில் பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. "உங்க வயல்ல பாய் விரிச்சுப் படுக்கலாம்ண்ணே" என்று பக்கத்து வயல்காரர் கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவரிடம்தான், கீழ்வயலை ஒரு வருஷம் சும்மா போட்டால் மானியம் கிடைக்கும் என்று வேளாண்மை அலுவலகத்தில் சொன்னார்கள். மண் இளைப்பாற வேண்டுமாம்.

"வேலை செஞ்சாலே காசு வரமாட்டேங்குது. செய்யாம இருந்தா தருவாங்களாம்!" என்றார் பெரியப்பா.

"வாங்கிக்குங்க. நீங்க ஒரு நாள் சும்மா உக்காந்தா நானே தருவேன்" என்றாள் பெரியம்மா.

போன விளைச்சல் கையைக் கடித்துவிட்டது. மானியம் வராவிட்டால் கீழ்வயலைப் பக்கத்து வயல்காரருக்குக் குத்தகைக்கு விட வேண்டும். தன் மண்ணில் இன்னொருவர் டிராக்டர் ஓட்டுவதை வரப்பில் நின்று பார்ப்பதா? பெரியப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சில மாதம் கழித்து அலுவலர் பார்வையிட வந்தார். சின்ன வயதுப் பெண். வயலைப் பார்த்ததும் திகைத்து நின்றார். ஒரு புல் இல்லாமல் உழுது கிடந்தது.

"என்னங்க ஐயா, உழுதிருக்கீங்க?"

"நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்கம்மா. களை மண்டிக் கிடந்துச்சு. பாக்க அசிங்கமா இருக்குமேன்னு சுத்தம் பண்ணி வெச்சேன்."

"உழுதா சாகுபடி செஞ்சதா ஆயிடும் ஐயா. மண்ணை மூடிக்கிட்டு புல்லோ களையோ இருக்கணும்."

"களை இருக்கணுமா?"

"கண்டிப்பா இருக்கணும்."

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த மாதம் மறுபடி வருவதாகவும், அதற்குள் பச்சை மூடியிருந்தால் மானியத்துக்கு எழுதிவிடுவதாகவும் சொல்லி அலுவலர் கிளம்பினார்.

வேண்டாத காலத்தில் முட்டிக்கொண்டு வரும் களை, வேண்டும்போது தலைகாட்டவில்லை. மழையும் இல்லை. பெரியப்பா தினமும் குனிந்து குனிந்து தேடினார். பம்ப்செட்டைப் போடக் கைவைத்தவர், சந்தேகம் வந்து அலுவலருக்குப் போன் செய்தார்.

"அம்மா, களைக்குத் தண்ணி பாய்ச்சினா அது விவசாயமா?"

"மேல கேட்டுச் சொல்றேன் ஐயா" என்றார் அலுவலர். மேலே உள்ளவர்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. பதில் வரவே இல்லை. எதற்கு வம்பு என்று பெரியப்பா பம்ப்செட்டைத் தொடவில்லை.

அலுவலர் மறுபடி வந்தபோது, பக்கத்து வயலின் தண்ணீர் கசிந்த பாதியில் மட்டும் களை செழித்திருந்தது. மறுபாதி வறண்டு கிடந்தது.

"பாதிக்குத்தான் எழுத முடியும்" என்றார்.

பாதி மானியம் போதவில்லை. வறண்ட பாதியைப் பக்கத்து வயல்காரர் குத்தகைக்கு எடுத்தார். அவருடைய டிராக்டர் இறங்கிய காலையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் வரப்பில் நின்றார்கள். ஒரு பக்கம் மண் புரண்டது. இன்னொரு பக்கம் களை முழங்கால் உயரத்துக்கு ஆடியது.

"அவன் உழுறான். இதுல நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார் பெரியப்பா.

"ஒண்ணும் செய்யக்கூடாது. அதுக்குத்தானே காசு தர்றாங்க" என்றாள் பெரியம்மா.

அவர் தலையாட்டினார். ஆனால் வீட்டுக்குப் போவதா, அங்கேயே நிற்பதா என்று தெரியாமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.