தலை டாக்டருக்கு, முடி முருகனுக்கு

கதிர்காமக் கந்தன் மேல் சத்தியம், என் இரண்டு கண் மேல் சத்தியம், இதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஆராய்ச்சிக்காரருக்கு வேன் ஓட்டுவதென்றால் ஸ்டீயரிங் பிடிப்பது கால்வாசி. ஆட்களைப் பேசிச் சரிக்கட்டுவது முக்கால்வாசி. அந்தப் பாவத்தைச் செய்தவர்களுக்கு என் பாடு புரியும்.

குருவிட்டப் பக்கத்துத் தோட்டத்தில் லொறி ஓட்டி ஓய்ந்த என்னை, யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் பிடித்துக்கொண்டார். மூளைக்குள் இரத்தக் குழாய் ஓரிடத்தில் கொப்புளம் போல் வீங்குமாம். வெடித்தால் ஆள் போய்விடுமாம். சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். அந்தக் குடும்பங்களைத் தேடி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்குவதுதான் அவர் ஆராய்ச்சி.

பலாமரத்துச் சாவு

முதல் நாள், றப்பர் மலையில் பால்வெட்டும் கருப்பையாவிடம் போனோம். "உங்கட வீட்டில ஆராவது கடும் தலையிடி வந்து திடீரெண்டு செத்தவையோ?" என்றார் டாக்டரம்மா. கருப்பையா கண் கலங்கி, "எங்கப்பாங்க. தலையப் புடிச்சாரு, அஞ்சே நிமிசம்" என்றார். டாக்டரம்மா ஆவலோடு நான்கு பக்கம் எழுதினார். உப்பு, சுருட்டு, சாராயம், ஒன்று விடவில்லை. கடைசியாக, "தலையிடிக்கு முன்னம் ஏதும் நடந்ததோ?" என்று கேட்டார்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க, ஒரு பலாப்பழம் தலையில விழுந்துச்சு."

டியூப் வைத்தியம்

செல்லம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவள். அவள் அம்மாவும் அக்காவும் கூடையோடு மலையிலேயே சாய்ந்தவர்கள். தலையை ஸ்கேன் படம் பிடித்துப் பார்த்ததில் இவளுக்கும் ஒரு கொப்புளம். டாக்டரம்மா அரைமணி விளக்கினார். அவள் வெற்றிலை மென்றாள். நான் வேனிலிருந்த பழைய டயர் டியூபுக்குக் காற்றடித்தேன். நைந்த இடத்தில் முட்டை போல் புடைத்தது. "இதுதான் உன் தலைக்குள்ள இருக்கு. தலையத் தொறந்து, முட்டைக்கு அடியில ஒரு கிளிப்பு போடணும்" என்றேன். டியூப் வெடித்தது. டாக்டரம்மா தேயிலைச் செடிக்குள் பாய்ந்துவிட்டார். செல்லம்மா அசையவில்லை.

"காத்தடிச்சா எதுதான் வெடிக்காது, டிரைவரண்ணே? என் தலைக்கு யாரும் காத்தடிக்க வேணாம்."

முருகன் முடி

மகள் அழுது புரண்டு அவளைச் சம்மதிக்க வைத்தாள். கொழும்பில் நாளும் குறித்தார்கள். "தலைமயிர் வழிக்க வேணும்" என்றதும் மறுபடி முறுக்கிக்கொண்டாள். பேரப்பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது, அந்த முடியைக் கதிர்காமத்துக்கு நேர்ந்துவிட்டாளாம். ஆடித் திருவிழாவுக்கு ஐந்து மாதம் கிடந்தது. கொப்புளம் அதுவரை பொறுக்குமா? "கொஞ்ச இடந்தான் அம்மா வழிப்பினம்" என்று டாக்டரம்மா கெஞ்சினார்.

"நீங்க மொதல்ல வழிச்சிட்டு, மிச்சம் மீதியையா நான் முருகனுக்கு நீட்டுவேன்?"

கொடகவெல வளைவு

முருகன் வருஷம் முழுக்க அங்கேதானே இருக்கிறார், திருவிழா எதற்கு என்றேன். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் கதிர்காமத்துக்குப் புறப்பட்டோம். வழியில் வெடித்தால் என்ன செய்வதென்று டாக்டரம்மாவும் பிரஷர் கருவியோடு ஏறிக்கொண்டார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் செல்லம்மாவின் கையைக் கட்டி அமுக்கினார். ஆனால் கொடகவெல தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தது டாக்டரம்மாதான். செல்லம்மா அவர் நெற்றியைத் தாங்கி, எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தாள். "ஆசுப்பத்திரியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று டாக்டரம்மா எங்களைக் கும்பிட்டார். நானும் செல்லம்மாவும் சத்தியம் செய்தோம்.

மாணிக்க கங்கைக் கரையில் நாவிதர் கத்தியை எடுத்ததும், நாளை மறுநாள் திறக்கவேண்டிய தலை, மெதுவாக, மெதுவாக என்று டாக்டரம்மா சிங்களத்தில் அலறினார். அந்த மனுஷனும் சிங்களத்திலேயே சொன்னார்:

"நோனா, நான் முடியைத்தான் எடுக்கிறேன். தலையில கை வைக்கப்போறது நீங்க."

ஞாபகப் பரீட்சை

ஆறு மணி நேர ஆபரேஷன். கிளிப்பைப் போட்டுவிட்டார்கள், ஆனால் பேச்சோ ஞாபகமோ போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மறுநாள் கட்டிலைச் சுற்றிப் பெரிய சேர்ஜன், பத்து மாணவர்கள், மகள், நான். செல்லம்மா கண் திறந்தாள், பேசவில்லை. மகள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். டாக்டரம்மா, "என்னைத் தெரியுதோ? நான் ஆர்?" என்று குனிந்தார். செல்லம்மா மெல்ல வாய் திறந்தாள்.

"தெரியாம என்ன, கொடகவெலயில வேனுக்குள்ள வாந்தி எடுத்த அம்மாதானே?"

மூளை ஆராய்ச்சியில் நான் கண்டது இவ்வளவுதான்: மற்ற ஞாபகமெல்லாம் திரும்பினாலும் செய்த சத்தியம் மட்டும் திரும்புவதில்லை. அதே சத்தியத்தை நானும் செய்திருப்பதால், இந்தக் கதையை யார் சொன்னதென்று டாக்டரம்மா கேட்டால், பலாமரத்தடியில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுங்கள்.