பாறையின் வயதைத் திருத்திய எங்கள் அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அழைக்கச் சென்ற வீடுகளில், அவர் என்னதான் வேலை பார்த்தார் என்று பலர் கேட்டார்கள். அவர்களுக்காகவே தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

அக்கா விருத்தாசலத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா பீங்கான் தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் இருந்தார். அக்கா கல்லூரியில் நிலவியல் எடுக்கப் போவதாகச் சொன்னதும், பெண் பிள்ளை மலை மலையாகப் போய்க் கல் பொறுக்குவதா என்று அம்மா அழுதார். "புடிச்சதைப் படிக்கட்டும், வுடு" என்றார் அப்பா. அந்தப் படிப்பு முடிவதைப் பார்க்க அவர் இல்லை. மாரடைப்பு கொண்டுபோய்விட்டது. பிறகு தன் ஆராய்ச்சி உதவித்தொகையில் என்னையும் படிக்க வைத்தவர் அக்காதான். திருமணப் பேச்சு வந்தபோதெல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டார்.

ஹைதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பாறைகளின் வயதைக் கண்டறிவது அவர் பணி. சில பாறைகளில் மணலைவிட நுண்ணிய படிகங்கள் இருக்கும். அவற்றிலுள்ள யுரேனியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மெல்ல மெல்ல ஈயமாக மாறிக்கொண்டே வரும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி அணுக்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும். யுரேனியம் எவ்வளவு மிச்சம், ஈயம் எவ்வளவு என்று தெரிந்தால் பாறை பிறந்த காலம் தெரிந்துவிடும். அதையொட்டித் தாது சேர்ந்த காலத்தையும் கணிப்பார்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அக்கா வீட்டுக்குப் பேசுவார். "சாப்ட்டியா" என்று கேட்கும் முன்பே "மிஷினு ஓடுதா" என்று அம்மா கேட்பார்.

செம்புத் தாது இருந்த ஒரு மலைப்பாறைக்கு அக்கா கண்ட வயது அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. சில ஆண்டுகள் கழித்து அதே பாறையை மறுபடி அளந்த பிரணதி என்ற இளம் ஆய்வாளருக்கு வேறு வயது வந்தது. அப்போது ஆய்வுக்கூடத் தலைவர் பதவிக்கு அக்காவின் பெயர் பேச்சில் இருந்தது. பிரணதி பயந்து பயந்துதான் வந்து சொன்னாராம். இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் திரும்பச் சோதித்தார்கள். பிறகு அக்கா எனக்குப் போன் செய்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி தம்பி. படிகத்தைக் கரைச்ச ஆசிட்டுலயே ஈயம் இருந்திருக்குது. அதான் வயசு கூடிப் போச்சு. நான் பாக்காம வுட்டுட்டேன்."

பதவி கைக்கு வரட்டும், அதற்குப் பிறகு சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"தெரிஞ்சப்புறம் சும்மா இருந்தா எனக்கு எப்புடிடா தூக்கம் வரும்?"

தன் கணக்குத் தவறு என்று அவரே ஆய்வு இதழில் அறிவித்தார். திருத்திய கட்டுரையில் பிரணதியின் பெயரை முதலில் போட்டார். பதவி வேறொருவருக்குப் போனது. அக்காவுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் பிரணதியிடம் அதைக் கடைசிவரை காட்டவில்லை.

புற்றுநோய் முற்றிய நிலையில் அக்கா எங்களிடம் திரும்பி வந்தார். சில நாட்களில் பிரணதியும் விடுப்புப் போட்டுவிட்டு ரயிலேறி வந்துவிட்டார். கஞ்சி ஊட்டினார், தலை வாரினார், வலி தெரியாமலிருக்கப் பேசிக்கொண்டே கால் பிடித்துவிட்டார். தெலுங்குப் பெண்ணான அவர் பேசிய தமிழைக் கேட்டு அக்கா சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், இரண்டு வேளையும் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், திட்டக்குடியிலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் ஓடி வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

பிரணதிக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. இறுதிச் சடங்கன்று அக்காவின் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவரைக் காட்டி, யார் இந்தப் பெண் என்று நல்லூர் அத்தை கேட்டார். அம்மா பிரணதியின் தோளில் கை வைத்துச் சொன்னார்.

"எம் பேத்தி."