இறங்காமல் பதினொரு மேடு

நூர்தீன் நானாவின் மொறிஸ் மைனரில் ஏறினால் பாதி வழி நடக்க வேண்டும் என்று ஆலங்குடாவில் ஒரு கதை உண்டு. பாதி என்பது பொய். புத்தளத்திலிருந்து எங்கள் வீடு வரைக்கும் பதினொரு இடத்தில் மட்டும்தான் இறங்க வேண்டும்.

சிலாபத்தில் ஒரு பொடியனிடம் வாங்கும்போதே அந்தக் காரின் முன்பக்கம் நன்றாகப் பதிந்திருந்தது. மற்றக் கார்கள் நிற்கும், இது படுத்திருக்கும். கல்யாண மாப்பிள்ளைமாருக்கு அந்தப் படுக்கைதான் பிடித்தது. வாரத்தில் ஆறு நாள் உப்பளத்தில் மூட்டை நிரப்புகிற நானா, ஏழாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை ஏற்றுவார்.

யுத்தம் முடிந்து எங்கள் ரோட்டுக்குத் தார் ஊற்றிக் காபட் போட்டார்கள். வாகனங்கள் பறந்தன. ஆடும் மாடும் அடிபட்ட பிறகு வேகத்தைக் குறைக்கக் குறுக்கே மேடுகள் போட்டார்கள். நானா தனியே ஓட்டினால் கார் தப்பிவிடும். பக்கத்தில் ஆள் இருந்தால் அடிவயிறு மேட்டில் உரசி, பல் கூசுகிற சத்தம் வரும். அதனால் ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் நிறுத்தி, “கொஞ்சம் இறங்குங்க” என்பார். மாப்பிள்ளைகூட மாலையோடு இறங்கி, மேட்டைத் தாண்டி நடந்து, மறுபடி ஏறுவார். வீடியோக்காரர் அதையும் ஒரு சடங்கு போலப் படமெடுப்பார்.

மாப்பிள்ளைமார் வாழ்க்கையில் ஒரு நாள் நடந்தார்கள். நானாவின் மனைவி மஹ்மூதா ராத்தா ஆறு வருசம் நடந்தார். சந்தைக்கு, கல்யாண வீட்டுக்கு, மையத்து வீட்டுக்கு. கதவைப் பிடித்து இறங்குவார், நடப்பார், ஏறுவார். வாயால் ஒன்றும் சொன்னதில்லை. நடை மட்டும் வர வர மெதுவானது.

சொன்னது புத்தளம் ஆஸ்பத்திரியில்தான். முழங்கால் ஒப்பரேசனுக்குச் சேர்த்த அன்று டொக்டர் கேட்டார்: “எப்ப இருந்து நோவு?”

“ரோட்டுல மேடு போட்ட நாளையில இருந்து, டொக்டர்.”

டொக்டருக்கு விளங்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். கட்டிலின் தலைமாட்டில் நின்ற நானாவுக்கு விளங்கியது. ராத்தா அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “வீட்டுக்கு வரக்குள்ள தம்பிட வேன்ல வாறன். நீங்க கரைச்சல்படாதீங்க.”

நானா இதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, காரின் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ இந்தக் கார்லதான் வரணும். ஒரு இடத்துலயும் இறங்கப்படாது.”

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி ராத்தாவை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பாலாவியில் கராஜ் வைத்திருக்கிற லாபிர் வந்தார். ஜாக்கி அடித்து, தென்னங்குற்றியில் காரை ஏற்றி, கீழே படுத்துப் பார்த்தார்.

“இதுக்கு முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங் இல்ல நானா. நீட்டுக்குப் போற இந்த ரெண்டு கம்பிதான் முறுகி முறுகிப் பாரத்தைத் தாங்குது. அந்தப் பொடியன் கம்பிட முனையைக் கழட்டி, அதுல இரிக்கிற பல்லை மாத்திப் பூட்டிக் காரை இறக்கியிரிக்கிறான். அடியில இருந்த ரப்பரையும் வெட்டிட்டான், படுபாவி.”

“ஒரு பல்லு ஏத்து. அதுக்கு மேல ஏத்தினா ஒரு மாப்பிள்ளையும் வர மாட்டான்.”

“ராத்தா வந்தாக் காணாதா?”

நானா புது ரப்பரை எடுத்து நீட்டினார்.

லாபிர் அதை வாங்கி அடியில் வைத்தார். குலுக்கலை அடக்குகிற பழைய சொக் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது; அதைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன வேனின் சொக்கை வெல்டிங் பிடித்துப் பூட்டினார். கம்பியை ஒரு பல் ஏற்றினார். இனி ஆட்களின் பாரத்தோடு பார்க்க வேண்டும். நானா உப்பளத்திலிருந்து மூட்டைகள் கொண்டுவந்திருந்தார். தனக்கு ஒரு மூட்டை, பின்சீட்டில் துணைக்கு வரப்போகிற எனக்கு ஒரு மூட்டை. ராத்தாவின் சீட்டில் ஒரு மூட்டையை வைத்து, யோசித்து, மேலே அரை மூட்டையும் வைத்தார்.

“ஒண்டரையா? ராத்தாட்டச் சொல்லட்டா?” என்றார் லாபிர்.

“சொல்லு. பிறகு ஆஸ்பத்திரில மற்றக் கட்டில்ல நான் படுக்க வேண்டி வரும்.”

மேட்டின் உயரத்துக்கு ஒரு தடி வெட்டி வைத்திருந்தார்கள். தடி காருக்குக் கீழே போகவில்லை. லாபிர் நானாவைப் பார்த்தார். நானா கடல் பக்கம் திரும்பிக்கொண்டு, “இன்னொரு பல்லு ஏத்து” என்றார். அதற்குப் பிறகு தடி தாராளமாகப் போனது.

மூட்டைகளை இறக்கியதும் காரின் மூக்கு கனைக்கப் போகிற கழுதை மாதிரி மேலே நின்றது. மூட்டை வைத்திருந்த சீட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. லாபிர் அதில் விரலை வைத்து நக்கிப் பார்த்தார்.

“நானா, ஒரு மூட்டை எத்தனை கிலோ?”

“அம்பது.”

“நிறுத்ததா?”

“இருவது வருசமா நிரப்புறன், நான் நிறுக்கணுமா?”

சொல்லி வாய் மூடும்போதே அவர் முகம் மாறியது. ஈர உப்பை நிரப்புகிற நாட்களில், வடிந்து போகிற தண்ணீருக்கென்று மூட்டைக்கு இரண்டு சவள் உப்பைக் கூட அள்ளிப் போடுவது உப்பள வழக்கம். அந்த வாரம் மழை. அந்த இரண்டு சவளையும் போட்டது அவர் கைதான்.

“அறுபத்தஞ்சு வரும்,” என்றார் மெதுவாக. “ஒரு பல்லே காணும் போல. ரெண்டு கூடிட்டுது.”

லாபிருக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேறு இடத்தில் வேலை. கார் அப்படியே நின்றது.

திங்கட்கிழமை ராத்தா ஆஸ்பத்திரி வாசலில் சக்கரக் கதிரையில் இருந்து காரைப் பார்த்தார். நாங்கள் பிடித்து ஏற்ற, காலை நீட்டி உட்கார்ந்தார். முதல் மேட்டில் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தார். கார் ஏறி இறங்கியது. மூன்றாவது மேட்டில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசி மேடு எங்கள் பள்ளிவாசல் சந்தியில். பீடாக் கடை வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் காரின் மூக்கைக் கண்டு சிரித்தார்கள். “நானா, கார் வானம் பாக்குது போல” என்றான் ஒருவன். நானா மேட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

“என்ன?” என்றார் ராத்தா.

“ஒண்டுமில்ல. கை பழகிட்டுது.”

“நான் இறங்க மாட்டன்.”

“இறங்காத.”

கார் தாண்டியது. அடியில் ஒரு சத்தமும் இல்லை. பின்சீட்டில் இருந்த எனக்கு நானாவின் பிடரி மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அவர் மூச்சு விட்டது கேட்டது.

வீட்டில் இறங்கும்போது ராத்தா சேலையைத் தொட்டுப் பார்த்தார். “இதென்ன ஈரம்? எனக்கு முந்தி இதுல ஆரு இருந்த?”

“நீதான்,” என்றார் நானா. “ஒண்டரை மூட்டை.”

விளங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு ஊன்றுகோலைத் தூக்கினார். நானா வேலிவரைக்கும் ஓடினார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாப்பிள்ளைமார் காரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு பல் இறக்கித் தரட்டுமா என்று லாபிர் கேட்டபோது, “மற்றக் காலும் ஒப்பரேசன் முடியட்டும்” என்றார் நானா.

மற்றக் கால் முடிந்து ஒரு வருசமாகிறது; காரின் மூக்கு இன்னும் இறங்கவில்லை. லாபிர் இப்போது கேட்பதில்லை.