காது இல்லாத கூண்டு

தனக்கோடி எலியின் வாலடியைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, பின்புறத்தைப் பார்த்தாள். "செவப்பு." அடுத்தது. "இதுவும் செவப்பு. எறங்குடா கண்ணு." பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு புள்ளி.

ஆராய்ச்சிக்கூடத்து எலி அறையில் தனக்கோடி பன்னிரண்டு வருடமாக ஒப்பந்த ஊழியர். பொம்மனஹள்ளியில் பஸ் ஏறும்போது தலையில் இருக்கும் மல்லிகை, இங்கே வாசல் ஆணிக்குப் போய்விடும். பூ வாசனை பட்டால் எலி தண்ணீர் குடிக்காது என்பது அவள் கட்சி. கடித்த எலியைத் திட்டமாட்டாள். உரக்கப் பேசும் மனிதர்களைத் திட்டுவாள். "மெல்லப் பேசுய்யா, அதுக்குக் கழிச்சல் வருது."

குடிநீரில் ஓர் உப்பைக் கலந்தால் எலியின் பெருங்குடல் புண்ணாகி ரத்தம் போகும். ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கும். மூன்றாம் கூண்டின் ஆறு எலிகளுக்கு மட்டும் அடங்காது என்று காட்டத்தான் இந்த இரண்டு மாத வேலை. அவற்றின் நோய் எதிர்ப்பு செல்களில் ஸ்டீராய்டு ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ரிசெப்டர் கிடையாது. ஆராய்ச்சி மாணவி ஸ்ரீலக்ஷ்மி ஒருநாள் விளக்கினாள்: "போதும், அடங்குன்னு உடம்பு சொல்றது தனக்கோடிம்மா. இதுகளுக்கு அதைக் கேக்கக் காது இல்லே."

சனிக்கிழமை அவள் போனில் அவசரப்பட்டாள்: "காது இல்லாததுக்கு இன்னிக்கே மருந்துத் தண்ணி வெச்சுடுங்கோ."

எலி அறையில் காது என்றால் அடையாளத்துக்குக் காதில் போடும் துளை. 'காது போட்டாச்சா?' என்றுதான் கேட்பார்கள். காதில் துளை போடாத எலிகள் உள்ள புதுக்கூண்டு ஒன்று ஓரத்தில் இருந்தது. தனக்கோடி அதற்கு வைத்தாள்.

திங்கள் காலை, இந்தச் செவப்பைப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான், அந்தம்மா சொன்னது மூன்றாம் கூண்டை என்று உறைத்தது. பதிவேட்டில் அந்தக் கூண்டுக்கு எதிரே 'மருந்து' என்ற பத்தியில் இரண்டு நாள் கட்டங்கள் காலி.

கூண்டு கழுவும் கோவிந்தப்பாவிடம் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு தன் கன்னடத் தமிழில் சொன்னார்.

"சும்னே டிக் போடு தாயி. குடுத்திருந்தாலும் அதுங்களுக்குக் கேட்டிருக்காது. எப்படியும் செவப்புதான். எந்த மகராசன் கண்டுபிடிப்பான்?"

"ஒருத்தனும் மாட்டான்."

"அப்புறம் என்னா? இந்த வாரம் உன் கான்ட்ராக்ட் பேப்பர் கையெழுத்துக்குப் போவுது. ரெண்டு மாச வேல பாழுன்னா அந்தம்மா சும்மா வுடுமா?"

பேனா கட்டத்தின் மேல் நின்றது. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

"குடுத்தும் கேக்கலைன்னுதானேய்யா அந்தம்மா எழுதப் போவுது. நாம குடுக்கவே இல்லியே."

ஸ்ரீலக்ஷ்மி உள்ளே வந்தாள். புள்ளிகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஆறும் செவப்பா! நான் சொல்லலே?"

"சிரிக்காதீங்க மேடம்" என்ற தனக்கோடி, காலிக் கட்டங்களைக் காட்டினாள்.

மறுநாள் மூன்றாம் கூண்டின் ஆறு எலிகளையும் கொன்றார்கள். அதே வகையில் வேறு ஆறு வந்தன. ஸ்ரீலக்ஷ்மி இப்போது 'காது' என்று சொல்லவில்லை. கூண்டு எண்ணை மட்டும் சொன்னாள். கான்ட்ராக்ட் பேப்பர் அலுவலக மேஜையில் கையெழுத்தாகாமல் இருந்தது. மூன்று மணிக்குத் தனக்கோடி உப்புத் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பினாள். கூண்டில் மாட்டவில்லை. ஸ்ரீலக்ஷ்மி வந்து கூண்டு எண்ணைச் சரிபார்க்கும்வரை, அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.