காந்தம் தொட்ட கல்

விண்கற்களை ஆராய்வது என் தொழில். ஆனால் கொழும்பில் என்னிடம் கொண்டுவந்து காட்டப்பட்டவை எல்லாம் வெறும் கருங்கற்கள்தான். விண்கல்லில் இரும்பு இருக்கும் என்பதால், யார் எந்தக் கல்லைக் காட்டினாலும் என் கை தானாகவே பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்க்கும்.

கொட்டாஞ்சேனையில் ஸ்டெல்லா அன்ரியின் குசினிக் கூரைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு கல் விழுந்ததாகக் கேள்விப்பட்டுப் போனேன். மாதா சொரூபத்தின் முன்னால் வைத்திருந்தார். கருகிய மெல்லிய தோல். காந்தத்தை வைத்ததும் டக்கென்று ஒட்டியது. அசல் விண்கல்! ஆனால் சோப் வாசம் வந்தது.

"அன்ரி, இதைக் கழுவினீங்களா?"

"ஓம் மிஸ். மாதாவுக்கு முன்னால அழுக்கோட வைக்கேலுமோ?"

"ஐயோ, இதில தண்ணியே படக்கூடாது! பழுதாக்கிப்போட்டீங்களே!" என்று கத்திவிட்டேன். கத்தும்போதுதான் என் கையிலிருந்த காந்தத்தைக் கவனித்தேன். பூமி உருவான காலத்துக் காந்தத் தடயம் அந்தக் கல்லுக்குள் இருந்திருக்கலாம். என் காந்தம் பட்டதும் அது அழிந்திருக்கும். மாணவர்களுக்கு நானே படிப்பிக்கிற பாடம் அது.

அன்ரியிடம் அதைச் சொன்னேன்.

"நானும் ஆசையிலதான் கழுவினன், நீங்களும் ஆசையிலதான் ஒட்டினீங்க. விடுங்க மிஸ், தேத்தண்ணி குடியுங்க" என்றார்.

கல்லுக்கு நேர்ந்த சேதங்களை ஆய்வறிக்கையில் சொல்லியாக வேண்டும். முதலில் சோப்பைத்தான் எழுதினேன். பிறகு அதை வெட்டிவிட்டு, காந்தத்தை முதல் வரியில் போட்டேன்.