உப்பு போட்ட கஞ்சி

செஞ்சியில் மழை பொய்த்து, ரேஷன் கடை வாசலில் விடியும் முன்பே சனம் குந்தியிருந்த வருஷம் அது. எங்கள் தெருவில் எல்லாரும் இளைத்துக்கொண்டு வந்தார்கள். நைனாவின் அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் இறங்கியது. அம்மாவின் வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறின. நான் மட்டும் பெருத்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும். காலையில் எழுந்தால் கண் திறக்காது. இமை இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருக்கும். மத்தியானத்துக்குள் முகம் கொஞ்சம் வடிந்து, வீக்கம் காலுக்கு இறங்கிவிடும். வலி கிடையாது. வலி இல்லாததால் வீட்டில் யாரும் அதை முதலில் நோய் என்று நினைக்கவில்லை. தெரு வேறு விதமாக நினைத்தது. நைனா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஊரில் நெல்லே இல்லாத காலத்தில் அவர் மகள் இப்படிக் கன்னம் உப்பித் திரிந்தால், எங்கேயோ ஒரு மூட்டை ஒதுங்கியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? பரணில் எத்தனை மரக்கால் இருக்குது என்று தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அம்மாவைச் சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி இருப்பதாகச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கோதுமை ரவை உப்புமா போடுவார்கள். கப்பலில் வந்த ரவை. பாதிப் பிள்ளைகள் அதற்காகத்தான் பள்ளிக்கூடம் வந்தோம். மூட்டை வரத்து குறைந்ததும், எல்லாருக்கும் போட்டுக் கட்டாது, மெலிந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று ஆனது. தலைமையாசிரியர் வரிசையில் நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கெட்டவர் இல்லை. அந்த வேலை அவருக்கே பிடிக்கவில்லை என்பது நடையில் தெரிந்தது. என் முன்னால் வந்ததும் அவருக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். கன்னத்தில் லேசாகத் தட்டி, நீ வீட்டில் போய்ச் சாப்பிடு என்று ஓரமாக நிறுத்திவிட்டார்.

மறுநாள் அம்மா வந்தாள். கோட்டை மலையடியில் சுள்ளி பொறுக்கி ஓட்டல்களுக்குப் போடுவது அவள் பிழைப்பு. சுள்ளிக் கட்டைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, என்னைக் கைப்பிடித்து அழைத்துப்போய்த் தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் நிறுத்தினாள். பாவாடையை முழங்கால் வரை உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே என் முன்னெலும்பில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இது சதையில்ல சார், தண்ணி" என்றாள்.

அவர் எழுந்து வந்து, தானும் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். இரண்டாவது குழியும் மூடவில்லை. என்னை மறுபடி வரிசையில் சேர்த்துக்கொண்டார். நாளைத் தள்ளாமல் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி அம்மாவிடம் அழுத்திச் சொன்னார்.

திண்டிவனம் போய் பஸ் மாறிப் போனோம். ஆஸ்பத்திரியில் என் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினார்கள். முட்டை வெள்ளை போல அது திரிந்து நின்றது. சிறுநீரகம் கெட்டிருக்கிறது, உடம்புக்குச் சேர வேண்டிய சத்தெல்லாம் அதன் வழியாக வெளியே போகிறது என்று டாக்டர் சொல்லி, என்னைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்.

அந்த வார்டைப் போல ஒரு இடத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. காலையில் ரொட்டியும் பாலும். மத்தியானம் சோறும் பருப்பும் ஒரு முட்டையும். சாயங்காலம் மறுபடி பால். எதிலும் உப்பு இருக்காது. இருந்தும், சாப்பாட்டு வண்டிச் சக்கரச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கூட இருப்பவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. அம்மா கட்டிலுக்கு அடியில் படுத்திருந்து, நான் வைத்த மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டாள். பிற்பாடு நானாகவே கொஞ்சம் மிச்சம் வைத்தால், முழுக்கத் தின்னுடி என்று அதட்டுவாள்.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. வடிந்தபோது பார்த்தால் நானும் தெருவில் உள்ளவர்களைப் போலத்தான் இருந்தேன், எலும்பும் தோலுமாக. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மாவுக்கு விவரமாகச் சொன்னார். உப்பு நாக்கில் படக்கூடாது. கருவாடு, ஊறுகாய் ஆகாது. தினம் பால், தினம் முட்டை. பசி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு என்றால் சோளக் கூழ், அதில் உப்பு, கடித்துக்கொள்ள மிளகாய். எனக்கு உப்பையும் மிளகாயையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஈரமண் போன்ற ஒன்று. ஒரு கோழி இருந்தது. தீனி இல்லாமல் முட்டையிடுவதை நிறுத்திக்கொண்டது. பிறகு அதையும் விற்றாயிற்று. பள்ளிக்கூட உப்புமாவும் போயிற்று. அம்மா சமையல்காரம்மாவிடம், உப்பு போடும் முன்னே பிள்ளைக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். உலைத் தண்ணியிலேயே போட்டுடறதும்மா என்று அவள் கையை விரித்தாள். அப்புறம் அம்மாவே அவளிடம், இதுக்கு மட்டும் போடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். வரிசையில் இடம் கிடைத்தும் நான் தட்டில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வெயிலில் ஓடிவிட்டு வந்து மணிக்கட்டை நக்குவேன். வேர்வை உப்பாக இருக்கும். அதை அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன்; ஈரத் துணியால் என் கையைத் துடைத்துவிட்டாள்.

சோளமும் கிடைக்காமல் போன நாட்கள் வந்தன. மண்டி மூடியே கிடந்தது. காலையில் அடுப்பு எரியாது, சாயங்காலமும் நிச்சயமில்லை. அந்தச் சமயத்தில்தான் டாக்டர் வரச் சொன்ன நாள் வந்து, மறுபடி புதுச்சேரிக்குப் போனோம். டாக்டர் என் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, நன்றாக வைத்திருக்கிறாய் என்று அம்மாவைப் பாராட்டினார். பாராட்டு வாங்கியவள் எழுந்திருக்கவில்லை.

"கொஞ்ச நாளைக்கு இங்கியே வச்சிக்கினீங்கன்னா..." என்று இழுத்தாள்.

எதற்கு என்று அவர் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தபடி, வூட்ல ஒண்ணும் இல்லீங்க என்றாள்.

டாக்டர் வெளியே திரும்பிப் பார்த்தார். வராந்தாவில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் காத்திருந்தார்கள். "வீக்கம் இல்லாத பிள்ளைய வச்சுக்க முடியாதும்மா. கட்டில் இல்ல. திரும்ப வீங்குச்சுன்னா உடனே கூட்டிட்டு வா, சேத்துக்கறேன்" என்றார். சொல்லும்போது அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் காலை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, முன்னெலும்பின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள்.

சில நாள் கழித்து, மத்தியானத்தில் அம்மா எங்கிருந்தோ கொஞ்சம் நொய் கொண்டுவந்து கஞ்சி வைத்தாள். சந்தையில் வாங்கிய கருவாட்டுத் துண்டு ஒன்றைத் தணலில் சுட்டாள். அந்த வாசனைக்கு நான் அடுப்பங்கரை வாசலில் போய் நின்றேன். எப்போதும் எட்டிப் போகச் சொல்பவள் அன்று கூப்பிட்டு உட்காரவைத்தாள். பரணிலிருந்து உப்பு ஜாடியை இறக்கி, என் கஞ்சியில் ஒரு கை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். கருவாட்டை முள் எடுத்து என் வாயில் ஊட்டினாள்.

நைனா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "பாப்பாவுக்கு இன்னாத்துக்கு அது?" என்று கேட்டார்.

"துன்னட்டும்" என்றாள் அம்மா.

நைனா அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தக் கஞ்சியின் ருசி இன்னும் எனக்குச் சொல்ல வரவில்லை. காதுக்குள் எல்லாம் கூசியது. எனக்கு நோய் தீர்ந்துவிட்டது, அதனால்தான் உப்பு தருகிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். அடுத்தடுத்த நாட்களிலும் தந்தாள். தெருப் பிள்ளைகளிடம் எனக்கு உடம்பு நல்லாயிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு காலையில் கண் திறக்க முடியவில்லை. அம்மா முன்னமே குளித்து, எனக்கும் மாற்றுத்துணி எடுத்துவைத்துக் காத்திருந்தாள்.

டாக்டர் சொன்னபடியே சேர்த்துக்கொண்டார். பழைய வார்டுதான், கட்டில் மட்டும் வேறு. என்னைத் தெரிந்த நர்சம்மா வீக்கத்தைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். நான் ஒளிக்காமல், கஞ்சியும் கருவாடும் என்றேன். அவள் அம்மாவின் பக்கம் திரும்பி வார்டே கேட்கும்படி திட்ட ஆரம்பித்தாள். அத்தனை படித்துப் படித்துச் சொன்னோமே, பிள்ளையைக் கொல்லவா பார்த்தாய் என்றெல்லாம்.

"தெரியாம குடுத்துட்டேம்மா" என்றாள் அம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

அம்மாவை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல நர்சம்மா, எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும். எம்மாம் நாளா எனக்கு உப்பே காட்டாது. இப்பதான் அதுவே போட்டுக் குடுத்துது" என்றேன்.

நர்சம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள்பட்டையை, மணிக்கட்டை. அப்புறம் நகர்ந்து போனாள். சாப்பாட்டு வண்டி வந்தபோது எனக்கு முட்டையும் ரொட்டியும் வைத்தார்கள். கட்டிலின் மறுபக்கம், அம்மா பக்கமாக, இன்னொரு தட்டையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

அம்மா அதைத் தொடவில்லை. குனிந்தபடி அழுதுகொண்டிருந்தாள். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்ல வேண்டும்போல இருந்தது. அவள் காதருகில் போய், வீட்டுக்குப் போனதும் மறுபடி உப்பு போட்டுக் கொடு, இந்தத் தடவை நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன்.