அப்பாவின் கண்ணாடி போட்ட கேமரா

அந்தப் பெட்டிக் கேமராவின் முதுகு மூடியைத் திறந்தால் புதுச் செருப்பும் ஊறுகாய் ஜாடியும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை வரும். இதை எழுத உட்கார்ந்ததும் முதலில் அதுதான் மூக்குக்கு வந்தது. படிக்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் எழுத்து கோழி கிளறிய களம்போல இருக்கும், எங்கே சின்ன ‘ர’ போடுவது, எங்கே பெரிய ‘ற’ போடுவது என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கேமராவைப் பற்றி நான் சொல்வதில் திருத்த ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அதனால் எது முடியும், எது முடியாது என்பதை என் அளவுக்குத் தெரிந்தவர்கள் அன்றைக்கு எங்கள் கடத்தூர்ப் பக்கத்தில் யாரும் இல்லை.

எண்பதுகளின் நடுவில், பெங்களூரில் ஓட்டல் வேலை பார்த்த என் மாமா வேறு கேமரா வாங்கிக்கொண்டு பழையதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். “இதுல கத்துக்க ஒன்னுமில்லடா அருளு, வெயிலு இருந்தாப் போதும்” என்றார். அது உண்மை. பேட்டரி கிடையாது, திருப்பி அளவு வைக்க எதுவும் கிடையாது, ஒருமுறை வாய்க்கால் மேட்டிலிருந்து உருண்டு கீழே போய் விழுந்த பிறகும் தூசியைத் தட்டியதும் ‘டிக்’ என்று தன் வேலையைச் செய்தது. அதைவிடப் பெரிய நன்மை ஒன்று எனக்கு இருந்தது. அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. வயிற்றோடு வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடிச் சதுரத்தைத் தலை குனிந்து பார்த்தால் எதிரே நிற்பவர் அதில் தெரிவார். யார் முகத்தையும் நேருக்கு நேர் பார்க்க வராத எனக்கு, குனிந்த தலை நிமிராமலே ஊரையெல்லாம் பார்க்க அது வழி செய்து கொடுத்தது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்குள் எடுத்தால் வெறும் இருட்டுதான் விழும். ஓடுகிற கன்றுக்குட்டி புகையாகிவிடும். இடது பக்கம் இருப்பது மேல் கண்ணாடியில் வலது பக்கம் தெரியும். ரோல் முழுவதும் முடிந்து, தர்மபுரிக்கு பஸ் ஏறி, ஸ்டுடியோவில் கழுவி வாங்கும்வரை என்ன விழுந்திருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அதற்குக் கிட்டப் பார்வை கிடையாது. நாலு எட்டு தள்ளி நின்றால் ஆள் தெளிவாக விழுவார், ஆனால் முகம் மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். நெருங்கிப் போனால் முகம் பெரிதாகும், கூடவே கலங்கிப் போகும்.

இந்தக் குறை என் அக்கா பிலோமினாவின் கல்யாணத்தில் வந்து நின்றது.

அக்காவுக்கு இடது கன்னத்தில், காதிலிருந்து வாயோரம்வரை ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் வெல்லம் காய்ச்சும் இடத்தில் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றபோது பாகு தெறித்தது. ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் அது எங்கள் வீட்டுக்குள்ளேயே பெரிதாகிவிட்டது. அம்மா அக்காவை தர்மபுரி ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி உட்காரவைத்து, மிச்சம் தெரிந்ததையும் ‘டச்சப்’ செய்து ஒரு படம் வாங்கி வந்தார். தழும்பு சுத்தமாக இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து இண்டூர்ப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், அக்கா தட்டோடு வெளியே வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காபியைத் தொடாமலே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்கள்.

அன்றைக்கு அக்கா அழவில்லை. அத்தனை டம்ளர் காபியையும் மறுபடி பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, “இனிமே என் கன்னத்தப் பாத்துட்டு வர்றவங்கதான் நம்ம வூட்டு வாசப்படி ஏறணும். டேய், நீ எடுறா என்னை. தழும்பு தெரியற மாதிரி எடு” என்றாள்.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. “நேர்ல வந்து பாத்தாத்தான்டி உன் கொணம் தெரியும். போட்டோவுல கொணமா தெரியுது?” என்றார்.

“போன தடவ வந்தவங்களுக்குக் கொணம் தெரியறதுக்குள்ள காபி ஆறிப்போச்சிம்மா” என்றாள் அக்கா.

கேமரா பொய் சொல்லாது என்று மாமா சொல்லியிருந்ததை நம்பி, முதலில் வைக்கோல் போருக்கு முன்னால் நாலு எட்டு தள்ளி நிறுத்தி எடுத்தேன். சேலையின் கரைகூடத் தெளிவாக விழுந்தது. கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததாக நெருங்கி நின்று எடுத்தேன். அதில் தலைமுடி பாதி வெட்டுப்பட்டு, முகம் பனிக்குள் நிற்பதுபோல வெள்ளையாகக் கரைந்து, தழும்பும் அதோடு கரைந்து போயிருந்தது. ஸ்டுடியோக்காரர் பென்சிலால் செய்ததை என் கேமரா தன் கண் குறையாலேயே செய்து வைத்திருந்தது. அம்மா அந்தக் கலங்கிய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உருகிப் போனார்.

“அப்படியே மாதா சொரூபம் மாதிரி இருக்குது. இதையே குடுத்தனுப்பலாம்.”

“மாதாவுக்கு யாரும்மா மாப்ள பாக்கறாங்க?” என்று அக்கா சொன்னதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தார். ஆனால் படத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். தரகர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. அதற்குள் வேறு படம் இல்லையென்றால் மாதா சொரூபம்தான் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் படிக்கிறவர் என்பதால், சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்ப்பார். அந்தச் சனிக்கிழமை அக்கா முறத்தில் ராகி புடைத்துக்கொண்டே அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அப்பாவுக்கு மலை மேல மேயற ஆடு தெரியுது, கையில இருக்கற புஸ்தகம் தெரியறதில்ல. உன் கேமராவும் அதே மாதிரிதானேடா? அதுக்கும் வெள்ளெழுத்துதான். கண்ணாடி போட்டுவுடு.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “அப்பா புஸ்தகத்த எங்க புடிக்கறாரோ, அந்த எடத்துல நான் மூஞ்சிய வெச்சிக்கறேன்” என்றாள்.

மறுநாள் பூசை முடிந்து வந்து அப்பா கண்ணாடியைக் கழற்றித் தரும்போது “ஒடச்சிராதீங்க, வர்ற ஞாயித்துக்கெழமையும் நாந்தான் படிக்கணும்” என்று மட்டும் சொன்னார். அம்மா பக்கம் ஒருமுறை பார்த்தார், ஆனால் கண்ணாடியைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் எந்தப் பக்கம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று உச்சி வெயிலில், கேமராவை வாசல் திண்டின் மேல் வைத்து, கண்ணாடியின் ஒரு வட்டம் லென்ஸை மூடும்படி நூல் போட்டுக் கட்டினேன். அக்காவின் மூக்குக்கும் கேமராவுக்கும் நடுவே இரண்டு சாண் இருந்தது. முன்பு தலைமுடி வெட்டுப்பட்டது ஏன் என்று எனக்குப் புரிந்திருந்தது. நான் பார்க்கும் கண்ணாடி மேலே இருக்கிறது, படம் பிடிக்கும் கண் அதற்குக் கீழே இருக்கிறது. அதனால் கேமராவுக்கு அடியில் அப்பாவின் ஜெபப் புத்தகத்தை வைத்து உயர்த்தினேன். அக்கா இடது கன்னத்தை வெயிலுக்குக் காட்டி அசையாமல் நின்றாள். நான் குனிந்தபடியே மூச்சைப் பிடித்து அழுத்தினேன்.

ஸ்டுடியோவில் கழுவி வந்த படத்தை அந்தக் கடைக்காரரே இரண்டு தரம் பார்த்தார். தழும்பின் ஓரத்துச் சுருக்கம்கூட எண்ணும்படி விழுந்திருந்தது. “லேசா டச்சப் பண்ணித் தரட்டுமாம்மா?” என்றார் அக்காவிடம். “அதுல பென்சிலு பட்டா நான் படத்தையே வாங்க மாட்டேனுங்க” என்றாள் அவள்.

தரகர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இதத் தூக்கிட்டுப் போனா என்னை நாய வுட்டுத் தொரத்துவாங்களே கண்ணு” என்றார். ஆனாலும் கொண்டுபோனார். முதலில் போன இடத்திலிருந்து படம் திரும்பி வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா படத்தை வாங்கித் துடைத்துவிட்டு, “வேண்டாங்கறத அவங்க வூட்டுல இருந்தே சொல்லிட்டாங்க. நல்லதாப் போச்சி, காப்பித்தூள் மிச்சம்” என்றாள். அடுத்துப் போனது காரிமங்கலத்துக்கு. அங்கிருந்து படம் திரும்பவில்லை, ஆட்கள் வந்தார்கள்.

அக்கா காபியோடு வந்து நேராக நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அம்மா கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்னா புள்ள இது, போட்டோவுல இருந்த அளவுக்குக்கூட இல்லியே” என்றார் அந்த அம்மாள்.

“தம்பி உச்சி வெயில்ல எடுத்தானுங்க அத்தை, அதான் பெருசாத் தெரிஞ்சிருச்சிங்க” என்றாள் அக்கா.

அவள் ‘அத்தை’ என்றதை எல்லோரும் கேட்டோம். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்தார். மாப்பிள்ளை இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இப்போது அந்த ரோல் எங்கேயும் கிடைப்பதில்லை. தர்மபுரி ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. கேமரா என்னிடம்தான் இருக்கிறது. எந்தச் சந்தையில் வைத்துக் கேட்டாலும் அது நல்ல கேமரா என்றுதான் சொல்வேன். போன வாரம் பேரப்பிள்ளைகளோடு அக்கா வந்திருந்தாள். கடைசிப் பேத்தி அவள் மடியில் உட்கார்ந்து, “ஆயா, ஒனக்குக் கன்னத்துல தழும்பு இருந்துச்சாமே, எங்க?” என்று விரலால் தேடினாள். வயது போட்ட சுருக்கங்களுக்குள் அது எப்போதோ கலந்துவிட்டிருக்கிறது. அக்காவே தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “அந்தப் போட்டோவ எடுத்தாடா அருளு, இவளுக்குக் காட்டலாம்” என்றாள்.

எழுதி முடித்தது, கார்த்திகை மாதம், கடைசி ஞாயிறு.